ராகு தெசை முடிய நாலு மாசம்

"இன்னும் நாலே மாசம்தான் தம்பி. ராகு தெசை முடிஞ்சு குரு தெசை பிறக்கட்டும். அப்புறம் விரலை எடுங்க."

ராஜபாளையம் பக்கத்து அம்மா ஒருத்தங்க வார்டுல சொன்னது இது (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்). வயசு 58. பல வருஷ சர்க்கரை. வலது கால் சுண்டுவிரல் கறுத்துப்போச்சு. இன்னைக்கு எடுத்தா விரலோட போகும். நாலு மாசம் விட்டா முழங்கால் வரைக்கும் வந்துடும்.

மூடநம்பிக்கைன்னு திட்டியிருக்கலாம். திட்டினா மறுநாள் காலைல கட்டில் காலியா இருக்கும். அதனால இந்த தெசைங்கிறது எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம் மக்களே.

நம்ம ஊர் ஜாதகத்துல போடுற கணக்குக்கு விம்சோத்தரி தசைன்னு பேர். விம்சோத்தரின்னா நூத்தி இருபது. கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. கூட்டினா 120 வருஷம். 27 நட்சத்திரத்தை ஒன்பது பேருக்கும் ஆளுக்கு மூணா பிரிச்சிருக்காங்க. பிறக்கும்போது சந்திரன் நின்ன நட்சத்திரம் யாரோடதோ, அவரோட தெசையில வாழ்க்கை ஆரம்பிக்குது. சந்திரன் அந்த நட்சத்திரத்துல இன்னும் எவ்வளவு தூரம் போகணுமோ, அதே விகிதத்துல தெசையும் பாக்கி. ஜாதகத்துல "கர்ப்பச் செல் போக இருப்பு"ன்னு எழுதியிருக்குமே, அதுதான்.

இது ஆதியிலேர்ந்து மாறாத ஒரே கணக்கான்னு கேட்டா, இல்லை. 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் பிருகத் ஜாதகத்துல தெசைக்கு ஒரு அத்தியாயமே வெச்சிருக்கார். ஆனா அவர் கணக்கு நட்சத்திரத்தை வெச்சு இல்லை, கிரகங்கள் தர்ற ஆயுளை வெச்சு. அஷ்டோத்தரின்னு இன்னொரு முறை இருக்கு. அதுல மொத்தமே 108 வருஷம். ராகுவுக்கு 18 இல்லை, 12தான். கேதுவுக்கு ஒண்ணுமே கிடையாது! யோகினி தசையில ஒரு சுத்து 36 வருஷத்துல முடிஞ்சிடும். அதே ஆள், அதே வானம். எந்தப் பஞ்சாயத்துக்குப் போறோம்ங்கிறதைப் பொறுத்து தீர்ப்பு மாறுது.

பரிகாரமும் பழசுதான். யாக்ஞவல்கிய ஸ்மிருதியில கிரக சாந்திக்குத் தனிப் பகுதி இருக்கு. எந்தக் கிரகத்துக்கு எந்த உலோகத்துல உருவம், எந்தச் சமித்து, என்ன தட்சிணைன்னு பட்டியலே வரும். தமிழ்நாட்டுல 7ஆம் நூற்றாண்டுக் கதை ஒண்ணு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். திருமறைக்காட்டுலேர்ந்து சம்பந்தர் மதுரைக்குக் கிளம்புறார். நாளும் கோளும் சரியில்லைன்னு பெரியவர் அப்பர் தடுக்கிறார். சம்பந்தர் பாடினது கோளறு பதிகம். ஞாயிறு முதல் சனி வரை இன்னைக்கு நாம சொல்ற அதே கிழமை வரிசை, கடைசியில ரெண்டு பாம்பு. ஆக ஒன்பது கோளும் அப்பவே இங்க பழக்கம். எனக்கு இதுல பிடிச்சது, அவர் பாடிட்டுக் கிளம்பிட்டார்ங்கிறதுதான். கோள் நகரட்டும்னு உட்காரலை.

வைத்திய நூல் என்ன சொல்லுது? சரக சம்ஹிதை சிகிச்சையை மூணாப் பிரிக்குது. மந்திரம், மணி, பலி, ஹோமம் ஒரு வகை. உணவும் மருந்தும் இன்னொரு வகை. மனசை அடக்கிப் பிடிக்கிறது மூணாவது. மூணும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. முதலாவது முடியட்டும், அப்புறம் ரெண்டாவதுன்னு எங்கேயும் வரிசை போடலை. ராகுன்னா நம்ம பக்கம் சங்கரன்கோவில் புற்றுமண்தானே, தாராளமா வாங்கிட்டு வாங்க. நெத்தியில வைங்க. புண்ல மட்டும் வேண்டாம்.

எங்க ஆட்களையும் விட்டுவைக்கக் கூடாது. 1348ல ஐரோப்பாவுல பிளேக் கொத்துக்கொத்தா சாகடிச்சப்போ, மன்னர் காரணம் கேட்டதுக்கு பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் கொடுத்த பதில்: 1345 மார்ச்ல சனி, குரு, செவ்வாய் மூணும் கும்பத்துல கூடினதுதான். இன்னைக்கும் நாங்க சீட்டுல எழுதுற இன்ஃபுளுயன்ஸாங்கிற பேரே நட்சத்திரங்களோட செல்வாக்குங்கிற இத்தாலியச் சொல்லுலேர்ந்து வந்ததுதான்.

சரி, அந்த அம்மாகிட்ட வருவோம். நட்சத்திரம் கேட்டேன். பூரம். "நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நட்சத்திரம் தம்பி"ன்னாங்க பெருமையா. பூரம்னா சுக்கிர தெசையில ஆரம்பம். இருப்பு 17 வருஷம்னு நோட்டுல இருக்கு. சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18. சரியா 58.

"பிறந்த நேரத்தை யாரும்மா குறிச்சது?"

"வீட்டுல பொறந்தேன். கடிகாரம் ஏது? மில்லு சங்கு ஊதுச்சாம். ஊதிக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் விழுந்தேன்னு ஆத்தா சொல்லும். ஜோசியர் சங்கு நேரத்தையே எழுதிக்கிட்டார்."

பேனாவை எடுத்தேன். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய 24 மணி நேரம். அதுக்குள்ள சுக்கிரனோட 20 வருஷம், அதாவது 240 மாசம் அடங்கணும். அப்போ ஒரு மணி நேரம்னா பத்து மாசம். அரை மணி நேரம்னா அஞ்சு மாசம். சங்கு ஊதி அரை மணி கழிச்சுப் பிறந்திருந்தா இருப்பு அஞ்சு மாசம் குறையும். ராகு தெசை போன மாசமே முடிஞ்சிருக்கும்.

(லேபர் வார்டுல இப்பவும் இதே கதைதான். தலை வந்த நேரமா, அழுத நேரமா, கொடி வெட்டின நேரமா? ரத்தம் நிக்காத தாயைப் பார்த்துட்டு, கையைக் கழுவிட்டு, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து எழுதுற நேரம் அது. அதை வெச்சுத்தான் கல்யாணம் வரைக்கும் கணக்கு ஓடுது.)

அந்த அம்மா தாளையே ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"அப்போ குரு தெசை வந்திருச்சா?"

நான் நம்பாத ஒரு கணக்கை வெச்சுக் கையெழுத்து வாங்கினது சரியான்னு இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன். தெசை முடிஞ்சுதுன்னு நான் சொல்லலை. "உங்க நோட்டுப்படியே அது உறுதியில்லைம்மா. ஆனா விரல் கறுத்தது உறுதி"ன்னுதான் சொன்னேன். அவங்க எதைப் பிடிச்சுக்கிட்டாங்கன்னு எனக்கே தெரியும்.

ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. குருவுக்கு உகந்த வியாழக்கிழமை செய்யணும்னு.

எங்க யூனிட்டுக்கு தியேட்டர் நாளே வியாழன்தான். விரல் போச்சு. கால் இருக்கு.