கட்டி முடித்த பின் வரும் குழுக்கள்: மதுரையில் கட்டட அனுமதியின் வரலாறு

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் எழும் கட்டடங்கள் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று 1997-இல் தமிழக அரசு ஆணையிட்டது. கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர். ஊரின் எந்த மூலையிலிருந்து வருபவருக்கும் கோபுரம் தெரிய வேண்டும் என்பது அந்த ஆணையின் நோக்கம். அது எந்த அளவுக்குக் காக்கப்பட்டது என்பதை அறிய ஆவணக் காப்பகம் செல்ல வேண்டியதில்லை. மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் நடந்து அண்ணாந்து பார்த்தாலே போதும். வரம்பைத் தாண்டிய விடுதிகளும் வணிக வளாகங்களும் எழுந்து, ஆட்கள் குடியேறி, வியாபாரம் நடக்கத் தொடங்கிய பிறகே வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தன. அளவெடுக்கவும் பட்டியல் தயாரிக்கவும் உத்தரவுகள் பிறந்தன.

ஒருவர் தம் மனையில் கட்ட விரும்புவதை ஊரின் நலத்தோடு வைத்துப் பார்த்து, கட்டலாம் அல்லது கூடாது என்று சொல்லும் அதிகாரம் மதுரையில் காலந்தோறும் யாரிடம் இருந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விண்ணப்பதாரரோடும் ஆட்சியோடும் ஒட்டுறவு இல்லாத ஒரு குழு அந்த இடத்தில் அமர்ந்ததுண்டா? அமர்ந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் செங்கல் வைத்து முடித்த பிறகு, நீதிமன்றம் அனுப்பித்தான் அமர்ந்திருக்கிறது. அனுமதி தரும் மேசைக்கு அது வந்து சேரவேயில்லை.

இன்றைய மதுரையின் உருவம் ஒரு தனி மனிதரின் முடிவிலிருந்து தொடங்குகிறது. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவர் நகரை நெருக்கிக்கொண்டிருந்தது. அகழியில் நீர் தேங்கி நோய் பரவியது. மாவட்ட ஆட்சியர் ஜான் பிளாக்பர்ன் 1837-இல் கோட்டையை இடிக்கும் வேலையைத் தொடங்கினார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே கிடைக்கும் என்பது அவர் வகுத்த வழி. அகழி இருந்த இடத்தில் வெளி வீதிகள் வந்தன. வேலையில் பங்கேற்ற மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் தெருப் பெயர்களாக வாழ்கின்றன. மேலவாசலில் எஞ்சி நிற்கும் கொத்தளம் அந்தக் கோட்டையின் மிச்சம். பிளாக்பர்ன் நினைவாக நடப்பட்டதுதான் விளக்குத்தூண். ஊர் அவரை நன்றியோடு நினைத்ததில் வியப்பில்லை, அவர் முடிவு பெரும்பாலும் நல்லதாகவே அமைந்தது. ஆயினும் ஒரு நகரின் எல்லையைக் கலைத்து நிலத்தைப் பங்கிடும் அதிகாரம் ஒரே கையில் இருந்தது. கேள்வி கேட்கும் இடம் எங்கும் இல்லை. அந்த வழக்கம் பிளாக்பர்னோடு முடிந்துவிடவில்லை.

1866-இல் மதுரை நகராட்சி அமைந்தது. தொடக்க கால உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள்; தேர்தல் சிறிது சிறிதாகவே நுழைந்தது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இன்று மறக்கப்பட்ட ஓர் ஏற்பாடு இருந்தது. கட்டட விண்ணப்பத்துக்கு நிர்வாக அதிகாரி உரிய காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால், விண்ணப்பதாரர் நகர்மன்றத்திடம் முறையிடலாம். மன்றமும் வாய் திறக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். அதிகாரியின் மேசையில் தேங்கியது பலர் கூடும் மன்றத்துக்குப் போவது நல்ல ஏற்பாடுதான். அதில் ஒரு குறை இருந்தது: அது கட்டுபவரின் குறையை மட்டுமே கேட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வெளிச்சம் மறைந்தால் அவர் போய்ச் சொல்ல வழியில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேறொரு குரல் மதுரைக்கு வந்திருந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-இல் இந்தியா வந்து, சென்னை மாகாணத்தின் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் அவற்றுள் ஒன்று. அக்காலத்துப் பொறியாளர்கள் சுகாதாரத்தின் பெயரால் பழைய தெருக்களைக் கிழித்து அகலச் சாலை போட விரும்பினார்கள். கெடிஸ் அதை எதிர்த்தார். முதலில் தெருத்தெருவாக நடந்து பார்க்க வேண்டும், எந்த வீட்டை விட்டு எந்த வீட்டை எடுக்கலாம் என்று ஆராய வேண்டும், மரத்தையும் கோயிலையும் கிணற்றையும் காக்க வேண்டும் என்றார். எவருடைய மனையிலும் அவருக்குப் பங்கில்லை, எந்த அலுவலகத்துக்கும் அவர் கடன்பட்டவரில்லை. மதுரை நகரமைப்பில் தன் பார்வையை முன்கூட்டியே தந்த முதல் வெளிநபர் என்று அவரைச் சொல்லலாம் என்பது என் கருத்து. ஆனால் அவர் அறிக்கைக்கு அறிவுரையின் மதிப்பு மட்டுமே இருந்தது.

அதே 1920-இல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டம் அறிவுரையைச் சட்டமாக்க முயன்றது. நகராட்சி திட்டம் தீட்டும், அரசு ஒப்புதல் தரும், நிலம் இழப்போருக்கான இழப்பீட்டில் தகராறு எழுந்தால் நடுவர் ஒருவர் தீர்ப்பார். பணத்துக்கு நடுவர் இருந்தார், திட்டத்துக்கு இல்லை. இந்தப் பிரிவினை அப்படியே தொடர்ந்தது.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமே இன்றுவரை அடிப்படை. அதே ஆண்டில் மதுரை மாநகராட்சி ஆனது. புதிய சட்டத்தின் கீழ் உருவான மதுரை உள்ளூர் திட்டக் குழுமம், மாநகராட்சியைத் தாண்டிச் சுற்றுக் கிராமங்களுக்கும் பொறுப்பேற்றது. பெயரில் 'குழுமம்' என்று இருந்தாலும் அன்றாட முடிவுகள் அலுவலர்களின் கோப்பு வழியாகவே நகர்ந்தன. சிறிய வீடு மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் முடிந்துவிடும். பெரிய கட்டடமும் மனைப்பிரிவும் திட்டக் குழுமத்துக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் செல்லும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீட்டுக்குப் போகும் படிக்கட்டின் உச்சியில் தலைமைச் செயலகம் இருந்தது. விதியை எழுதியதும் அரசு, அனுமதி தரும் அமைப்பை நியமித்ததும் அரசு, அந்த அமைப்பு தவறியதா என்று சொல்வதும் அரசு. பக்கத்து வீட்டுக்காரரோ அஸ்திவாரம் தோண்டும்போதுதான் செய்தியை அறிந்தார்.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் இதை மாற்றியிருக்கலாம். நகராட்சிகளுக்கு ஒப்படைக்க வேண்டிய பணிகளைச் சொல்லும் 12-ஆவது அட்டவணையின் முதல் வரியே நகரமைப்பு. இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. நடந்தது வேறு. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம்வரை தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. ஐந்தாண்டுக்கும் மேலாக மதுரையில் மன்றத்தின் முடிவும் தனி அலுவலரின் முடிவும் ஒன்றாகவே இருந்தன. பிளாக்பர்ன் காலத்து ஒற்றைக் கை வேறு பெயரில் திரும்பி வந்தது என்று இதைச் சொல்வது மிகையாகாது.

மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்ட பின் நிலைமை மாறியது. சென்னைக்கு ரயிலேறிப் போய் வழக்காட முடியாதவர்கள் உலகனேரிக்கு மாநகரப் பேருந்தில் போனார்கள். கண்மாய் ஆக்கிரமிப்பு, உயர வரம்பு, அனுமதியில்லா மனைகள் எனப் பொதுநல வழக்குகள் குவிந்தன. வேதனையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீதிமன்றக் கிளை நிற்கும் உலகனேரியும், மாநகராட்சியின் அண்ணா மாளிகை நிற்கும் தல்லாகுளமும் தம் பெயரிலேயே நீர்நிலையைத் தாங்கியவை. அரசே முன்னின்று ஏரியில் கட்டிய ஊரில் தனியாரைத் தடுக்கும் அலுவலருக்கு எவ்வளவு வலு இருக்கும்?

நீதிமன்றம் வழியாக வந்த குழுக்களில் மதுரை மறக்க முடியாதது கிரானைட் விவகாரம். மேலூர் வட்டத்தில் கண்மாய்களும் பாறைக் குன்றுகளும் குவாரிகளுக்கு இரையாயின. ஆட்சியராக இருந்தபோது 2012-இல் உ. சகாயம் இதுபற்றி அரசுக்கு எழுதினார். 2014 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. கிராமம் கிராமமாகப் போய் வாக்குமூலம் பெற்று 2015 நவம்பரில் அறிக்கை தந்தார். உரிமம் கொடுத்தபோது எவரும் கேட்காத விவசாயியை முதன்முதலாக உட்கார வைத்துக் கேட்டது அந்த ஆணையம். ஆனால் அதற்குள் குன்றுகள் போய்விட்டன. போன குன்றை எந்த அறிக்கையும் திருப்பித் தராது.

அனுமதியில்லா மனைகளின் கதையும் இதே வழியில் நடந்தது. வயல்கள் கல் நட்டுக் கயிறு கட்டி பிளாட்டுகளாக விற்கப்பட்டன. 2016 செப்டம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றவை கட்டணம் செலுத்தி நேராகின. விதிமீறிய கட்டடங்களுக்கும் இதே வழிதான். சென்னைக்காக 1990-களின் இறுதியில் 113-ஏ பிரிவும், மாநிலம் முழுமைக்குமாக 2012-இல் 113-சி பிரிவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் நுழைந்தன. பின்னதன்படி 2007 ஜூலை 1-க்கு முன் எழுந்தவை வரன்முறை கோரலாம். அதன் நெறிகளை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் குழு அமைந்தது. குழுவில் நேர்மையானவர்கள் இருந்தாலும் அவர்கள் கையில் வந்தது நடந்து முடிந்த காரியம். குடியிருப்பவரை வெளியேற்றாமல் சட்டத்தைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு நல்ல விடையே கிடையாது.

முன்கூட்டியே கேட்கும் குழு நம்மிடம் அறவே இல்லையா? ஒன்று உண்டு. 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாநில அளவில் நிபுணர் குழு ஒன்று விண்ணப்பத்தை ஆராய்கிறது. மூவர் கொண்ட ஆணையம் முடிவெடுக்கிறது. கூட்டக் குறிப்புகள் வெளியாகின்றன. கட்டுமானம் தொடங்குவதற்கு முன் இந்த அனுமதி கட்டாயம். ஆனால் 20,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட கட்டுமானங்களே அதன் எல்லைக்குள் வரும். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் இல்லை. தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனை அங்கே போகும். கோபுரத்தை மறைக்கும் ஐந்து மாடி விடுதி போகாது. மதுரையைக் கெடுப்பதோ இந்த நடுத்தர அளவுக் கட்டடங்கள்தாம்.

அயர்லாந்தில் 1977-க்கு முன் கட்டட மேல்முறையீடுகள் அமைச்சரிடமே சென்றன, நம்மூர்போல. அந்த அதிகாரத்தை அமைச்சரிடமிருந்து பிரித்துத் தனி வாரியத்திடம் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி பகுதியில் 2018 மார்ச் முதல் உள்ளூர் திட்டக் குழுக்கள் கட்டாயமாயின: தலைவர் ஒருவர், நிபுணர் இருவர், பகுதிவாசி ஒருவர். கவுன்சிலர்களும் கட்டுமான முதலாளிகளும் வீட்டுமனைத் தரகர்களும் உறுப்பினராக முடியாது. பத்துப் பேர் தனித்தனியாக ஆட்சேபித்தால் விண்ணப்பம் அலுவலரைவிட்டுக் குழுவுக்குப் போகிறது. வாக்குப் பெற்றவர்களின் கையைக் கட்டிவிட்டார்கள் என்ற மனக்குறை அங்கே உண்டு, அதில் நியாயமும் உண்டு. நம் நிலை இன்னும் மோசம்: கவுன்சிலருக்கும் வாக்கில்லை, நிபுணருக்கும் இடமில்லை.

இந்த விலக்கு விதிகள் நமக்குப் புதியவையல்ல. திருநெல்வேலி அருகே மானூரில் உள்ள பாண்டியர் கல்வெட்டு, சபையில் அமர்பவருக்குச் சொத்தும் கல்வியும் வேண்டும் என்கிறது. முதலாம் பராந்தக சோழனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இன்னும் நுட்பமானவை. ஏரி வாரியம் போன்ற குழுக்களுக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள். மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் விலக்கு. அந்தச் சபைகள் பிராமண ஊர்களின் சபைகள் என்பதை மறைக்கக் கூடாது. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் கிடையாது. ஆனால் தீர்ப்பவரின் உறவு தீர்ப்பைக் கெடுக்கும் என்று அறிந்து, அதைத் தடுக்க விதி எழுதிய அறிவு மெய்.

இன்றைய போக்கு எதிர்த் திசையில் இருக்கிறது. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் ஒரே அளவுகோலைத் தந்தன. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரையிலான வீடுகளுக்குச் சுயசான்றே போதும். சாதாரண வீட்டுக்காரரை அலைக்கழிக்காத இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். அதனால் மிச்சமாகும் அலுவலர் நேரம் கோயில் வட்டத்துக்கும் கண்மாய்க் கரைக்கும் போக வேண்டும். மறுபுறம், மரபைக் காக்க 17 பேர் கொண்ட ஆணையம் அமைக்குமாறு உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. 2012-இல் இயற்றிய மரபு ஆணையச் சட்டம் 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மதுரைக்கெனத் தனி நகர வளர்ச்சிக் குழுமம் அமைப்பதாக 2022-இல் அறிவிப்பும் வந்தது.

அந்தக் குழுமத்தின் விதிகளிலேயே ஒரு தீர்ப்புக் குழுவை எழுதிச் சேர்க்கலாம். ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் வருவன, கண்மாய்க் கரையை ஒட்டியன, விதித் தளர்வு கேட்பன ஆகிய மூன்று வகை விண்ணப்பங்களை மட்டும் அது பார்க்கட்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கட்டடக்கலைஞர் ஒருவர், நீர்நிலை அறிந்த பொறியாளர் ஒருவர், அந்த வார்டுவாசி ஒருவர் போதும். வார்டுவாசியைப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கலாம். விண்ணப்பம் பதிவான வாரத்திலேயே மனையின் முன் தமிழில் பலகை வைத்து, எத்தனை மாடி, எவ்வளவு உயரம், எந்தத் தேதியில் எங்கே விசாரணை என்று எழுத வேண்டும். கடப்பாரை மண்ணில் இறங்குவது அந்தத் தேதிக்குப் பிறகு இருக்கட்டும்.