பாப்பாரப்பட்டிக்கு விதை வாங்கப் போனேன்

ராகி விதை பத்தி விசாரிக்க பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் வரைக்கும் போயிருந்தேன். தருமபுரியில டவுன் பஸ் ஏறினா முக்கால் மணி நேரம். பிக்கிலி மலைக்காரங்களுக்கு இதுதான் டவுன். மலையேற நினைக்கிறவங்களும் இங்க இறங்கி டீ குடிச்சுட்டுத்தான் கிளம்பணும்.

வேலை முடிஞ்சதும் சுப்பிரமணிய சிவா மணிமண்டபத்துக்கு நடந்தேன். வத்தலகுண்டுல 1884-ல் பிறந்தவர். 1908-ல் வ.உ.சி.யோடு கைதாகி சிறை போனவர், 1912-ல் வெளியே வரும்போது தொழுநோயோடு வந்தார். அதையே காரணமாக்கி ரயிலில் ஏறக்கூடாதுன்னு தடை போட்டது வெள்ளைக்கார அரசு. மனுசன் அடங்கினாரா? கால் புண்ணோடு நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராப் போய்ப் பேசினார். கட்டை வண்டியில பத்து மைல் போனவங்களுக்குத் தெரியும், நல்ல உடம்பே நொந்து போகும்.

அவர் கடைசியில் தங்க இடம் பிடிச்சது இந்த ஊரில்தான். பாரதாசிரமம் அமைச்சு, எல்லா சாதியும் மதமும் வந்து கும்பிட பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட நினைச்சார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பல. 1925 ஜூலை 23-ல் சிவா இங்கேயே இறந்தார், வயசு நாற்பது. பாரத மாதா நினைவாலயத்தை அரசு கட்டி முடிக்க கிட்டத்தட்ட நூறு வருசம் ஆச்சு.

நான் போன மத்தியானம் அங்க வேற யாருமில்ல. பிக்கிலி பஸ் மட்டும் மூட்டைகளோட நிறைஞ்சு கிளம்பிச்சு.