கப்பற் கட்டணமும் கட்டுச்சோறும்

கப்பலேறுவோர் உணவுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் கட்டுவது நன்றா, வேண்டியதை வேண்டியபோது விலைக்கு வாங்கிக்கொள்வது நன்றா என்னும் வினா இன்றைய உல்லாசக் கப்பல்களோடு பிறந்ததன்று. பாய்க்கப்பற் காலத்தில் அஃது உயிரைப் பற்றிய வினாவாகவே இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வட அமெரிக்காவில் குடியேறச் சென்ற ஏழைகளுள் பலர் இடத்திற்கு மட்டுமே பணம் கட்டினர். ஓட்ஸ் மாவையும் உருளைக்கிழங்கையும் மூட்டை கட்டிச் சென்று, மேல்தட்டு அடுப்பில் முறைவைத்துச் சமைத்தனர். கட்டணம் குறைவுதான். ஆனால், காற்றை நம்பிய கப்பல் ஐந்து வாரத்திலும் போய்ச் சேரும். பத்து வாரமும் ஆகும். மூட்டை தீர்ந்தவன் கப்பல் தலைவன் கேட்ட விலைக்கு வாங்கவேண்டும், இல்லையேல் பட்டினி. தாமதத்தின் செலவு முழுவதும் ஏழையின் தலையிலேயே விழுந்தது. இதனை மலிவு என்பார் யார்?

1842ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பயணிகள் சட்டம், ஆளுக்கு வாரந்தோறும் 7 இராத்தல் ரொட்டி, மாவு, அரிசி போன்ற உணவும், நாள்தோறும் முக்கால் காலன் தண்ணீரும் கப்பலிலேயே வழங்கப்பட வேண்டுமென விதித்தது. அரைவயிற்று உணவே, ஆயினும் தாமதத்தின் செலவில் ஒரு பங்கு கப்பல் முதலாளியைச் சேர்ந்தது.

அறைப் பயணிகளின் நிலை வேறு. 1840இல் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட கூனார்டு நிறுவனத்தின் 'பிரிட்டானியா' நீராவிக் கப்பலில் உணவும் மதுவும் கட்டணத்துள் அடங்கின. பாலுக்குப் பசுவும் உடன் சென்றது! குடியாதவனும் குடிப்பவனுக்காகப் பணம் கட்டினான் என்க. பின்னர் அந்நிறுவனம் மதுவை மட்டும் கட்டணத்தினின்று நீக்கித் தனியே விற்றது; உணவில் கைவைக்கவில்லை. இன்றைய உல்லாசக் கப்பல்கள் பலவற்றிலும் அதே பாகுபாடுதான் காணப்படுகிறது.