பதினோரு பிள்ளைகளும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும்

இன்னிக்கு ஒரு சமையலறைக் கதை.

2003-ல ஸ்டீவ் மார்ட்டின் நடிச்ச 'சீப்பர் பை தி டஸன்' படத்தை உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. பன்னிரண்டு பிள்ளைங்க, வீடு முழுக்க அமளி. அந்தப் படத்துக்கும் நான் சொல்லப் போற கதைக்கும் தலைப்பையும் பிள்ளைங்க எண்ணிக்கையையும் தவிர பெரிய சம்பந்தம் கிடையாது. அந்தத் தலைப்புக்கு அசல் சொந்தக்காரன் 1948-ல வந்த ஒரு புத்தகம். எழுதினது அந்த வீட்டுலயே வளர்ந்த ரெண்டு பேர்: எர்னஸ்டீன், அவங்க தம்பி பிராங்க் கில்பிரெத் ஜூனியர். முக்கால்வாசி அது அவங்க அப்பாவைப் பத்தின புத்தகம். எனக்கு ஆர்வம் பிடிச்சது அந்த அப்பா இறந்து போற இடத்துல.

1924 ஜூன் 14. நியூஜெர்சி மாநிலத்துல மான்ட்கிளேர்ங்கிற ஊர். பிராங்க் கில்பிரெத், வயசு 55, ஐரோப்பாவுல நடக்கற மாநாடுகளுக்குக் கிளம்பற அவசரத்துல இருக்கார். ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு போன் பண்றார். பேசிக்கிட்டு இருக்கும்போதே மாரடைப்பு. லைனுக்கு அந்தப் பக்கம் இருந்தது அவர் மனைவி லில்லியன். அவருக்கு 46 வயசு. வீட்டுல 11 பிள்ளைங்க. மூத்தவளுக்கு 18, கடைக்குட்டிக்கு 2.

இந்த எண்களை முதல் தடவை படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுல நான் ஒரே பிள்ளை. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போயிட்டார். ஒரே ஒரு பிள்ளையை வெச்சுக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு, காலைல ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். பதினொண்ணுன்னா?

சரி, முதல்ல இந்த ரெண்டு பேரும் யாருன்னு பார்த்துடலாம். பிராங்க் காலேஜ் பக்கம் போனவர் இல்லை. கொத்தனார் வேலை கத்துக்கப் போனவர். செங்கல் அடுக்கும்போது ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு மாதிரி குனியறார், நிமிர்றார், கையை வீசறார். எதுக்கு இத்தனை அசைவுன்னு யோசிச்சு, செங்கலைக் குனியாம எடுக்கற உயரத்துல வெக்கிற சாரம் ஒண்ணை வடிவமைச்சார். ஒரு செங்கல்லுக்கு 18 அசைவுன்னு இருந்ததை ஏறக்குறைய 5-க்குக் கொண்டு வந்தார். அங்கிருந்து கான்ட்ராக்டர், அப்புறம் தொழிற்சாலைகளுக்கு ஆலோசகர். கைவேலையோட அடிப்படை அசைவுகளைப் பதினேழு பதினெட்டு வகையாப் பிரிச்சு, தன்னோட பேரையே ஏறக்குறையத் திருப்பிப் போட்டு அதுக்கு 'தெர்ப்ளிக்'னு பேர் வெச்சார். நம்ம ஆளுங்க ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிக்குப் பேர் வெக்கிற அதே லட்சணம்.

லில்லியன் நேர் எதிர். கலிஃபோர்னியாவுல வசதியான வீட்டுப் பொண்ணு. 1900-ல பெர்க்லியில பட்டம் வாங்கினப்போ, அந்தப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுல பேசின முதல் பெண் அவங்கதான். 1904-ல கல்யாணம். 1905-ல இருந்து 1922 வரைக்கும் பிரசவத்துக்கு மேல பிரசவம். அதுக்கு நடுவுல முனைவர் பட்ட ஆய்வு. பெர்க்லி, வளாகத்துலயே தங்கிப் படிக்கணும்ங்கிற விதியைக் காட்டிப் பட்டம் தர மறுத்துடுச்சு. அந்த ஆய்வு 1914-ல புத்தகமா வந்தப்போ, எழுதினது பெண்ணுன்னு தெரிய வேண்டாம்னு அட்டையில இனிஷியலோட 'எல். எம். கில்பிரெத்'னு மட்டும் போட்டாங்க. அடுத்த வருஷமே வேற ஆய்வு செஞ்சு பிரவுன் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க. துறை: உளவியல். இது முக்கியம். பிராங்குக்கு அசைவுதான் கண்ணுல படும். லில்லியன் கேட்ட கேள்வி வேற: இந்த வேலையைச் செய்யற ஆளுக்குக் களைப்பு எங்கிருந்து வருது?

இவங்க வீடும் ஒரு தொழிற்சாலைதான். குளியலறையில ஒரு சார்ட் தொங்கும். பல் தேய்ச்சாச்சு, குளிச்சாச்சுன்னு பிள்ளைங்க கையெழுத்துப் போடணும். ஞாயித்துக்கிழமை குடும்பக் கவுன்சில் கூடும். கூடுதல் வேலைகளுக்கு டெண்டர் உண்டு, நிஜமாவே மூடின கவர்ல. வேலி முழுக்கப் பெயின்ட் அடிக்க 47 சென்ட்னு கேட்டு டெண்டரை எடுத்த ஒரு சின்னப் பொண்ணு, கை கொப்பளிக்கப் பத்து நாள் அடிச்சிருக்கா. அப்பா ரேட்டை ஏத்தலை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்னுட்டார். எல்லாம் முடிஞ்சதும் அவ ஆசைப்பட்ட ஸ்கேட்டிங் ஷூவை வாங்கி அவ தலையணைக்கு அடியில வெச்சிருக்கார். இதைப் படிச்சுட்டு உருகறதா கடுப்பாகறதான்னு எனக்கு இன்னும் தெரியலை.

இப்போ ஜூன் 1924-க்குத் திரும்பலாம். அப்பா இறந்த உடனே லில்லியன் என்ன செஞ்சாங்க? கவுன்சிலைக் கூட்டினாங்க. கலிஃபோர்னியாவுல பாட்டி வீட்டுக்கு எல்லாரும் போய்ச் சேரலாம். இல்லைன்னா அம்மா அப்பாவோட தொழிலைத் தொடரணும். அதுக்கு அவர் பேச வேண்டிய மாநாடுகளுக்கு இப்பவே கப்பல் ஏறணும். வீட்டைப் பிள்ளைங்க பார்த்துக்கணும். முடிவு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சில நாள்லயே லண்டனுக்கும் பிராகுக்கும் கிளம்பிட்டாங்க. வீட்டுல தட்டம்மை போட்ட மாதிரி ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு சிக்கன் பாக்ஸ். அதையும் அந்தப் பிள்ளைங்களே பின்னாடி இன்னொரு புத்தகத்துல எழுதியிருக்காங்க.

திரும்பி வந்தா அடி வேற இடத்துல விழுந்தது. இருபது வருஷமாப் புருஷனோட சரிசமமா உட்கார்ந்து வேலை பார்த்தவங்க, டாக்டர் பட்டம் உள்ளவங்க. ஆனா பல கம்பெனிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. காரணம் சுலபம்: தொழிற்சாலைக்குள்ள ஒரு பொம்பளை வந்து இன்ஜினியரிங் சொல்லிக் குடுக்கறதா? மாசச் செலவோ நிக்கறதில்லை. அப்போ அவங்க ரெண்டு காரியம் செஞ்சாங்க. ஒண்ணு, கம்பெனிக்குள்ள விடலைன்னா கம்பெனிக்காரங்களை வீட்டுக்கு வரவழைப்போம்னு, மான்ட்கிளேர் வீட்டுலயே அசைவு ஆய்வுக்கு வகுப்பு எடுத்தாங்க. ரெண்டாவது, பெண்ணுன்னா சமையலறைதானே, சரி, அந்த வழியாவே உள்ள வரேன்னு சமையலறைக்குள்ள இன்ஜினியரிங்கைக் கொண்டு போனாங்க. இது புத்திசாலித்தனமா, வேற வழியில்லாமையாங்கிற விவாதம் இருக்கு. ரெண்டும்தான்னு எனக்குத் தோணுது.

1927-ல இல்லத்தரசியோட வேலையைப் பத்தி ஒரு புத்தகம் போட்டாங்க. அந்தக் காலத்து முறை ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, நூல் வரைபடம். சமையலறையோட பிளானை ஒரு அட்டையில வரைஞ்சுக்கணும். அடுப்பு, தொட்டி, மேடை, அலமாரி எல்லா இடத்துலயும் குண்டூசி குத்தணும். ஒரு வேலையை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் செய்யும்போது எங்கிருந்து எங்க போறீங்களோ அந்த வரிசையில ஊசியில நூலைச் சுத்திக்கிட்டே வரணும். கடைசியில நூலை அவிழ்த்து அளந்தா, நீங்க நடந்த தூரம் கையில இருக்கும். கோடு எழுதறவங்களுக்கு இது புரியும்: இது புரொஃபைலிங். எது மெதுவா ஓடுதுன்னு யூகிக்காதே, அள. சொல்லப் போனா நாம இன்னிக்குப் போர்டுல வரையற ஃப்ளோ சார்ட்டோட முன்னோரையும் இந்தத் தம்பதிதான் 1921-ல அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துல 'பிராசஸ் சார்ட்'ங்கிற பேர்ல வாசிச்சாங்க.

1929-ல புரூக்ளின்ல ஒரு கேஸ் கம்பெனிக்காக 'கிச்சன் பிராக்டிகல்'ங்கிற மாதிரிச் சமையலறையை வடிவமைச்சாங்க. அடுப்பு, மேடை, பாத்திரம் எல்லாம் ஒருத்தர் சுத்தித் திரும்பினா கைக்கு எட்டற மாதிரி, சக்கரம் வெச்ச தள்ளு மேசையோட. அந்தக் கொள்கையைச் சோதிச்சுப் பார்க்க எடுத்துக்கிட்டது ஸ்ட்ராபெர்ரி ஷார்ட்கேக். இஷ்டத்துக்குச் சாமான் கிடந்த சமையலறையில அதைச் செய்ய 281 எட்டு எடுத்து வெக்க வேண்டியிருந்தது. அதே சாமான்களை இடம் மாத்தி வெச்சதும் 45. புதுசா எதையும் வாங்கலைங்கிறதை கவனிங்க. இன்னிக்கு நம்ம ஊர்ல மாடுலர் கிச்சன்காரங்க கேட்டலாக்கை விரிச்சு முக்கோணம் வரைஞ்சு காட்டறாங்களே, அந்த முக்கோணத்தோட வேர் இந்த மாதிரி ஆராய்ச்சிகள்லதான் இருக்கு. ஐரோப்பாவுல இதே சமயத்துல மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-ல பிராங்பர்ட் சமையலறையை வடிவமைச்சுட்டிருந்தாங்க. அது தனி எபிசோடுக்கான கதை.

அப்புறம் ஜெனரல் எலக்ட்ரிக். தொட்டி, அடுப்பு எல்லாம் எந்த உயரத்துல இருக்கணும்னு 4,000 பெண்களுக்கு மேல பேட்டி எடுத்திருக்காங்க. கால்ல மிதிச்சா திறக்கற குப்பைத் தொட்டி, ஃபிரிட்ஜ் கதவுக்குள்ள வர்ற தட்டு, இதெல்லாம் அவங்க பேரோட சேர்த்துத்தான் இன்னிக்கும் சொல்லப்படுது. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில வெச்ச ஒரு மேஜைதான் எனக்கு உச்சம். ஐபிஎம்மோட சேர்ந்து செஞ்சது. டெலிபோன், கடிகாரம், கணக்குப் போடற மெஷின், டைப்ரைட்டர், வீட்டுக் கணக்கு ஃபைல்கள். சமையலறையில போட வேண்டிய மேஜை அது. வீட்டு வேலைன்னா பாத்திரம் தேய்க்கறது மட்டும் இல்லை. எது எப்போ தீரும், யாருக்கு எப்போ ஊசி போடணும், ஃபீஸ் கட்டக் கடைசி நாள் எதுன்னு ஒருத்தி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கே, அதுவும் வேலை, அதுக்கு ஒரு மேஜை வேணும்னு 1933-லயே கட்டிக் காட்டியிருக்காங்க. எங்கம்மாவோட மேஜை, காலண்டர்ல பால் கணக்குக் கட்டத்துக்குப் பக்கத்துல பென்சில்ல கிறுக்கின ஓரம்தான்.

இதுவரைக்கும் கேட்டா ஒரு சூப்பர் அம்மா கதை மாதிரி இருக்கும். இங்கதான் நான் கொஞ்சம் பிரேக் போடறேன்.

லில்லியனுக்குச் சமைக்கத் தெரியாது. சும்மா சொல்லலை, பிள்ளைங்களே எழுதியிருக்காங்க. அவங்க வழக்கமாச் செய்யற ஒரு பதார்த்தத்துக்குப் பிள்ளைங்க வெச்ச பேரை, சாப்பிட்டுக்கிட்டே கேட்கறவங்க இருப்பீங்கன்னு சொல்லாம விடறேன். நாட்டுக்கே சமையலறை வடிவமைச்சவங்க வீட்டுச் சமையலறை, பழைய காலத்துது, ஒண்ணும் ஒழுங்கில்லாதது. அங்க வேலை செஞ்சது சம்பளத்துக்கு வெச்ச ஆள். முதல் பதினாறு வருஷம் மாமியாரும் கூடவே இருந்தாங்க. அப்புறம் பெரிய பொண்ணுங்க தங்கச்சி தம்பிகளைப் பார்த்துக்கிட்டாங்க. ஆக, அந்த வீடு ஓடினது சார்ட்டால மட்டும் இல்லை. ஆள் இருந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, தனியா பிள்ளை வளர்க்கறவங்ககிட்ட நம்ம ஊர்ல ரொம்ப ஈஸியா ஒண்ணு சொல்லிடறாங்க: 'கொஞ்சம் பிளான் பண்ணிக்கிட்டா எல்லாம் சமாளிச்சிடலாம்.' எங்க அம்மாகிட்ட அதைச் சொன்ன அத்தனை பேர் வீட்டுலயும் பாத்திரம் தேய்க்க ஆள் இருந்தது. இயந்திரம் வந்தா வேலை குறையும்ங்கிற நம்பிக்கையையும் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்ங்கிற வரலாற்றாசிரியர் 1983-ல வந்த புத்தகத்துல பிரிச்சுப் போட்டுட்டாங்க. வாஷிங் மெஷின் வந்ததும் துணி துவைக்கற நேரம் மிச்சமாகலை, தினமும் மாத்தற துணிதான் அதிகமாச்சுங்கிறது அவங்க வாதத்துல ஒரு பகுதி.

ஆனாலும் லில்லியன் மேல எனக்கு மரியாதை குறையலை. அதுக்குக் காரணம் கேக் கணக்கு இல்லை, அந்தக் கவுன்சில். வீட்டு நிலவரத்தைப் பிள்ளைங்ககிட்ட மறைக்காம எடுத்து வெச்சாங்க. காசு இவ்வளவுதான், அம்மா இத்தனை நாள் ஊர்ல இருக்க மாட்டேன், யார் எதைப் பார்த்துக்கறீங்க? எங்க வீட்டுல அப்பா போன மாசமே அம்மா சம்பளக் கவரை என் முன்னாடி பிரிச்சு வாடகை, பால், ஃபீஸ்னு தனித்தனியா வெச்சுக் காட்டினாங்க. தண்ணி லாரி வந்தா குடத்தோட ஓடறது என் டியூட்டி ஆச்சு. அன்னிக்கு எனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது.

இன்னொண்ணையும் சொல்லியாகணும். 'பன்னிரண்டு பிள்ளைங்க'ன்னு உலகமே சொல்லுது. உண்மையில அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே மேஜையில உட்கார்ந்து ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லை. ரெண்டாவது பொண்ணு மேரி 1912-ல டிஃப்தீரியாவுல போயிட்டா, அஞ்சு வயசு. ஏழு பேர் அதுக்கப்புறம் பிறந்தவங்க. சிரிக்க வெக்கிற அந்த 1948 புத்தகத்துல மேரி செத்ததைப் பத்திப் பேச்சே இல்லை. எல்லா அசைவையும் ஃபிலிம் எடுத்து, எல்லா நிமிஷத்துக்கும் கணக்கு வெச்ச குடும்பம் அது.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 11 பிள்ளைங்களும் காலேஜ் முடிச்சாங்க. லில்லியன் பர்டூ பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் பேராசிரியர் ஆனாங்க. 1965-ல அமெரிக்காவோட தேசியப் பொறியியல் அகாடமிக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவங்கதான். 1972 ஜனவரியில, 93 வயசுல இறந்தாங்க.

எங்க அம்மாவோட உயரம் நாலு அடி பத்து அங்குலம். இருபது வருஷம் வாடகை வீடுகள்ல ஒரு பலகை மேல ஏறி நின்னுதான் சமைச்சாங்க. வீடு மாறும்போது சாமான் லாரியில கடைசியா ஏறுறதும் புது வீட்டுல முதல்ல இறங்குறதும் அந்தப் பலகைதான். போன மாசம் எங்க சொந்த வீட்டுல கடப்பா கல் போட வந்த மேஸ்திரி, 'ஸ்டாண்டர்டா முப்பத்தி நாலு இன்ச் வெச்சிடவா?'ன்னு கேட்டார். இருங்கண்ணேன்னு சொல்லிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, செருப்பைக் கழட்டிட்டு நின்னு முழங்கையை மடக்கச் சொன்னேன். எதுக்குடா இதெல்லாம்னு கேட்டுக்கிட்டே மடக்கினாங்க. டேப்பைப் பிடிச்சு, சுவத்துல பென்சில்ல கோடு போட்டோம்.