ஒட்டுநாடாவில் ஒரு பெயர்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்க வருபவர் முதலில் அதன் ஒலியைக் கேட்கிறார். அதன் வரலாறு பெட்டியைத் திறந்த பிறகே தெரியவரும்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை 1950களில் செய்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைப் பாருங்கள். உள்ளே ஒட்டிய வால்வு அட்டவணைத் தாளில் பெரும்பாலும் இரண்டெழுத்து முத்திரை இருக்கும். முதலெழுத்து ஆண்டு, ‘ஏ’ என்றால் 1951. அடுத்தது மாதம். ‘எச்.இ.’ என்றால் 1958 மே. டிரான்ஸ்ஃபார்மரில் 606815 என்றிருந்தால், 606 என்பது ஷூமாக்கர் நிறுவனம், 8 ஆண்டின் கடைசி இலக்கம், 15 வாரம். மே மாதப் பெட்டியில் ஏப்ரல் மாத டிரான்ஸ்ஃபார்மர், கணக்கு சரி. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்கும் பிந்தியதென்றால், அது பின்னாளில் மாற்றப்பட்டது.

மூன்றாவது சான்று எண்ணல்ல. பல பெட்டிகளின் சேசிஸுக்குள் ஒரு துண்டு ஒட்டுநாடா இருக்கும். அதில் கையால் எழுதிய ஒரு பெயர். லில்லி, லூப்பே. வயர்களைப் பற்றவைத்த தொழிலாளர்கள் அவர்கள். பலர் மெக்சிகோ வழிவந்த பெண்கள். 1965இல் சி.பி.எஸ். நிறுவனம் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது ஃபெண்டர் என்ற பெயரை. இவர்களின் பெயர் ஒட்டுநாடாவிலேயே தங்கிவிட்டது.

60 ஆண்டு கடந்த ஃபில்டர் கெபாசிட்டர்களை மாற்றத்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அது தொழில் தெரிந்தவர் வேலை. அவரிடம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: அந்த நாடாவை உரிக்க வேண்டாம்.