விளையாட்டரங்கின் வாயிலில் நின்ற செருகுநிரல்

இணையத்தில் விளையாட்டுப் பார்ப்பது இன்று இலகுவான காரியம். அன்று அப்படியிருக்கவில்லை. உலாவிகளுக்குத் தாமாகவே வீடியோவைக் காட்டும் ஆற்றல் கிடையாது. செருகுநிரல் எனப்படும் துணை மென்பொருளைத் தரவிறக்கி நிறுவினாலன்றிக் காட்சி தெரியாது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் ஒளிபரப்பு உரிமை பெற்றிருந்த என்பிசி, சுமார் 2,200 மணிநேர நேரலையை இணையத்தில் வழங்கியது. அதற்குக் கையாளப்பட்டது மைக்ரோசொப்ட்டின் சில்வர்லைட். அதுவும் சோதனைப் பதிப்பு. பவர்பிசி சில்லு கொண்ட பழைய மக் கணினிகளில் அது இயங்கவில்லை. லினக்ஸ் பாவனையாளருக்கும் அதே கதிதான். சில்வர்லைட்டை ஏற்றிருந்த அமெரிக்க பேஸ்போல் லீக்கோ, அடோபியின் பிளாஷுக்கு மாறுவதாக அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. இரசிகன் பார்க்க விரும்பியது ஆட்டத்தை. அவன்மீது சுமத்தப்பட்டதோ மென்பொருள் நிறுவனங்களின் போட்டி.

எச்டிஎம்எல்5 இந்தத் தடையை நீக்கியது. ஐபோன் பிளாஷை ஏற்கவேயில்லை. 2015இல் குரோம் உலாவி பழைய வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டது. 2020 டிசெம்பர் 31இல் பிளாஷுக்கும், 2021 ஒக்டோபர் 12இல் சில்வர்லைட்டுக்கும் ஆதரவு முடிவுற்றது.

பத்திரிகையாளனான என்னை உறுத்துவது வேறொன்று. நூறாண்டுக்கு முந்திய பத்திரிகையை இன்றும் விரித்து வாசிக்கலாம், எழுத்தறிவு போதும். 2008இன் அந்தப் பக்கங்களைச் சேமித்து வைத்திருப்பவர்கூட, இன்றைய உலாவியில் அவற்றை அன்றிருந்தவாறு காண இயலாது. பூட்டு இருக்கிறது, திறப்பைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆவணத்தைக் காப்பதென்றால் அதைத் திறக்கும் கருவியையும் சேர்த்தே காக்க வேண்டும்.