ஆயாவின் பாடபேதம்

1

நந்தனம் என்ற பெயருக்கும் நந்தனுக்கும் சம்பந்தமில்லை. 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது உருவான குடியிருப்பு அது. அப்போது நடந்துகொண்டிருந்த தமிழ் ஆண்டு நந்தன. ஆண்டின் பெயரே இடத்துக்கும் ஆயிற்று. எம்.ஏ. படிக்கிற காலத்தில் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பைப் போல என் ஆயாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "போடா, இது நந்தன் ஊருடா. நம்மாளு பேரு. ஐயருங்க பேரா வெச்சிருப்பாங்க?" என்றாள்.

ஆயா செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து அறுபதுகளில் சென்னைக்கு வந்தவள். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து தினமும் காலையில் நடந்து, நந்தனம் வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோயிலில் பாடும் கீர்த்தனைகளில் ஐம்பது அறுபதாவது மனப்பாடம். தாத்தாவுடைய பாட்டுப்புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப்பெட்டியில் வைத்திருந்தாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பெட்டி, புத்தகம் எல்லாம் ஆற்றோடு போனது. அதற்குப் பிறகும் அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் அதிகம் பாடும் கீர்த்தனை ஒன்றில் பல்லவி முடிகிற இடத்தில் 'பாவி' என்று வரும். ஆயா அந்த இடத்தில் 'ஏழை' என்று பாடுவாள். யாப்பிலக்கணம் புதிதாகக் கற்றவன் சும்மா இருப்பானா? "ஆயா, அது பாவி. ஏழை இல்ல. அடுத்த அடியில வர்ற சொல்லுக்கு இதுதான் எதுகை" என்று திருத்தினேன். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் என்னடா பாவம் பண்ணேன்?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பாடம் கேட்ட ஆசிரியர்களிடமும் இருந்திருக்காது என்றே இப்போது நினைக்கிறேன். அசை பிரித்துப் பார்த்தால் பாவி, ஏழை இரண்டும் தேமாதான். ஓசை கெடவில்லை. எதுகை மட்டும் போயிற்று. எதுகையைக் கொடுத்துவிட்டு ஆயா எதை வாங்கினாள் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

2

நம் வட்டாரத்தில் பக்திப்பாட்டு என்று பேச்செடுத்தாலே ஒரு சங்கடம் வந்துவிடுகிறது. ஒன்று, அதை அபினி என்று தள்ளிவிடுகிறோம். (மார்க்ஸ் அந்தச் சொல்லை எழுதிய அதே பத்தியில் ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.) இல்லையென்றால், அது அவரவர் சொந்த விஷயம், அந்தரங்க அனுபவம் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறோம். அந்த அந்தரங்கம் எப்படி உண்டாகிறது என்ற கேள்வியை இரண்டு வகையிலும் தவிர்த்துவிடுகிறோம். பாட்டில் வரும் 'நான்' யார்? அந்த 'நானை' யார், யாருக்காகச் செய்து வைத்தார்கள்?

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் பாட்டின் 'நானுக்கு' ஒரு வரலாறு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர்கள். ஒவ்வொருவனும் தன்னைத் தனியாகப் பாவி என்று உணர்ந்து, அழுது, மனம் திரும்பவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. அந்த அழுகையை அவர்கள் பாட்டாகவே கொண்டுவந்தார்கள். சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த ஃபப்ரீஷியஸ் (1711–1791) பல ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார். இவையே ஞானப்பாட்டுகள். மெட்டு ஜெர்மன் மெட்டு. அங்கே அழுத்தம் விழும் இடம் ஒன்று, தமிழில் குறில் நெடில் விழும் இடம் வேறு. நெட்டெழுத்தை அவசரமாக விழுங்கி, குற்றெழுத்தை இழுத்து நீட்டிப் பாடவேண்டியிருக்கும். இன்றும் பாமாலைகளைக் கேட்டால் இந்த இழுபறி காதில் விழும்.

இதற்கு மாற்றாக வந்தவர்தான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்த வெள்ளாளர். சிறுவனாகவே ஷ்வார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். பின்னாளில் மன்னரான சரபோஜிக்கும் ஷ்வார்ட்ஸே ஆசான். குறவஞ்சி என்ற சிற்றிலக்கிய வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனை வடிவத்துக்குள் வேதத்தைக் கொண்டுவந்தார். எதுகை மோனை வழி நினைவில் தங்கும் பாட்டு அது. எழுத்தறியாத ஒருத்தி ஐம்பது அறுபது பாட்டை நெஞ்சில் வைத்திருக்க முடிந்ததென்றால் அதற்கு இந்த வடிவமே காரணம்.

1820களில் வந்த புதிய மிஷனரிமார் ஆராதனையில் இத்தகைய பாட்டுக்குத் தடை போட்டார்கள். சாஸ்திரியார் சீறி எழுந்தார். அவர் அடுக்கிய குறைகள் நான்கு. பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள். கலியாணத்திலும் சாவிலும் பூமாலை கூடாது என்கிறார்கள். தமிழ்ப்பாட்டைத் தடுக்கிறார்கள். இந்த மூன்றும் சரி, நாமும் அவர் பக்கம் நிற்போம். நான்காவது? சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள்!

தஞ்சைக் கோயிலில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் மறு பக்கம். இராப்போஜனப் பாத்திரம் முதலில் வெள்ளாளருக்கு. இந்த ஏற்பாட்டைக் காக்கத்தான் அவர் வாதாடினார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விடவேண்டுமென்று ஆணையிட்டபோதும் தஞ்சை வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பணியவில்லை. பாட்டில் எல்லோரும் பாவிகள். கோயிலுக்குள் உட்காரும்போது மட்டும் வெள்ளாளப் பாவி வேறு, பறைப்பாவி வேறு.

கடைசியில் சாதி விஷயத்தில் சாஸ்திரியார் ஆணையளவில் தோற்றார், பாட்டு விஷயத்தில் வென்றார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், முதியவரான சாஸ்திரியாரின் பாடல்களை அவரிடமே திரட்டி ஆராதனைக்கான கீர்த்தனைப் புத்தகத்தை அச்சிட்டார். எந்தப் பாட்டை மிஷனரிகள் வெளியே தள்ளினார்களோ அதை இன்னொரு மிஷனரி உள்ளே கொண்டுவந்தார். அதன் பிறகு கீர்த்தனை ஊர் ஊராகப் போயிற்று. தஞ்சையில் தம்மருகே உட்காரக்கூடாது என்று எவரைக் கவிராயர் விலக்கினாரோ, அவர்களுடைய சேரிக்கும் போயிற்று.

3

இந்த வரலாற்றை முழுமையாக எதிர்கொண்டவர் என்று மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாஃபிலஸ் அப்பாவுவை (1940–2005) சொல்வேன். மாணவர்களுக்கு அவர் பரட்டை. அவருடைய வாதம் நேரானது. ஐரோப்பியப் பாமாலை அந்நிய இசை. கர்நாடகக் கீர்த்தனை மேல்சாதி இசை. இரண்டின் வழியாகவும் தலித் கிறிஸ்தவர் தன்னைத் தானே தாழ்வாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். நாட்டுப்புற இசைதான் அவருடைய மொழி. ஏனெனில் அதில் பாடுபவர் சொல்லை மாற்றலாம், மெட்டை வளைக்கலாம், ஊருக்கேற்றபடி திரும்பச் செய்யலாம். அச்சிலும் சுரக்குறிப்பிலும் அது கட்டுண்டு கிடப்பதில்லை.

சொன்னதோடு நிற்காமல் அப்பாவு கிராமிய இசையில் முழு ஆராதனை முறையையே அமைத்தார். சாவு மேளம் என்று கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட பறை ஆராதனைக்குள் வந்தது. கடவுளைத் தகப்பன் என்று மட்டும் அழைக்காமல் பெற்றவர் என்று பொதுவாக அழைத்தார். ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பதை இறையியலின் மையமாக வைத்தார். பாத்திரம் யாருக்கு முதலில் என்ற தஞ்சைச் சண்டைக்கு, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து மதுரையிலிருந்து வந்த பதிலாகவும் இதை வாசிக்கலாம்.

அப்பாவுவோடு எனக்கு உடன்பாடு அதிகம். ஒரு இடத்தில்தான் இடறுகிறது. கீர்த்தனை மூடிய பிரதி, நாட்டுப்பாட்டு திறந்த பிரதி என்ற பிரிவினையில் என் ஆயா எங்கே நிற்கிறாள்? அவள் பாடியது அச்சில் ஏறிய, ராகம் குறித்த, எதுகை தைத்த கீர்த்தனை. அதில்தான் கை வைத்தாள். அவள் பாடும்போது ராகமும் இறுக்கம் தளர்ந்து தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். ஆக, திறப்பு என்பது இசையின் சாதியில் மட்டும் இல்லை, பாடுகிறவரின் தேவையிலும் இருக்கிறது. 'ஆசிரியனின் மரணம்' பற்றி வகுப்பில் பார்த்தை வைத்து நாங்கள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தோம். வீட்டில் ஒருத்தி சத்தமில்லாமல் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

4

ஆயா மாற்றிய சொல் ஏன் முக்கியம்?

தன்னைத் தாழ்த்திக்கொள்வது பக்தியின் பழைய இலக்கணம். மாணிக்கவாசகர் தன்னை 'நாயேன்' என்கிறார். பாண்டியனின் அமைச்சர் அப்படிச் சொல்லும்போது அது பணிவு. இறங்குவதற்கு அவருக்கு உயரம் இருக்கிறது. தெருவில் தினமும் நாயே என்று கூப்பிடப்படுகிறவன் அதே சொல்லைப் பாடினால்? அங்கே பணிவு எங்கே இருக்கிறது, பழக்கம்தான் இருக்கிறது. 'பாவி'யும் அப்படித்தான். வேலைக்குப் போன வீட்டில் ஒரு டம்ளர் காணாமல் போனால் முதலில் சந்தேகப்படுவது ஆயாவைத்தான். வாரம் ஆறு நாள் குற்றவாளியாக நிற்பவள், ஏழாவது நாளும் கோயிலில் போய்த் தன்னைக் குற்றவாளி என்று பாடவேண்டும். அவள் மறுத்தாள். சண்டை போடவில்லை, கோயிலை விடவில்லை, பாட்டையும் விடவில்லை. ஒரு சொல்லைத் தள்ளிவிட்டு இன்னொன்றை உட்கார வைத்தாள். பாவி என்பது அவள் செய்ததைப் பற்றிய சொல். ஏழை என்பது அவளுக்குச் செய்யப்பட்டதைப் பற்றிய சொல். மன்னிப்புக் கேட்கும் பாட்டு நியாயம் கேட்கும் பாட்டாகிவிட்டது.

பாட்டில் சொந்த அர்த்தம் காண்பது என்று சொல்கிறோமே, அது பாட்டுக்குள் ஏற்கெனவே கிடப்பதைக் கண்டெடுப்பது அல்ல. பாட்டு நீட்டும் 'நானோடு' போடும் வழக்கு. ஆன்மிகம் என்ற சொல்லை நான் கூச்சமில்லாமல் பயன்படுத்துவதென்றால் இந்த வழக்குக்குத்தான் பயன்படுத்துவேன்.

நந்தன் கதைக்கும் இதே கதிதான். சேக்கிழாரிடம் இல்லாத பிராமணப் பண்ணையாரை கோபாலகிருஷ்ண பாரதி தன் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் கொண்டுவந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதில் இலக்கணப் பிழை மலிந்திருப்பதால் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்டு உருகிப் பிறகு கொடுத்தார் என்றும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். பிழை இருக்கிறது, ஆனால் பாட்டு நிற்கிறது. மகாவித்துவானுக்கு இதை ஒத்துக்கொள்ள முடிந்தது, எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அந்தப் பாட்டும் கடைசியில் நந்தனைத் தீயில் இறக்கித்தான் சிதம்பரத்துக்குள் விடுகிறது. அதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் அதே நந்தன் பெயரில் கல்விக்கழகம் தொடங்கி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கதையில் நந்தன் தீக்குளித்து நுழைந்த ஊரில், அவன் பேரைச் சொல்லிப் பிள்ளைகள் சிலேட்டோடு நுழைந்தார்கள். இதுவும் பாடபேதம்தான். ஆயா ஒரு சொல்லை மாற்றினாள். சகஜானந்தர் முடிவையே மாற்றினார்.

எல்லாப் பாடபேதமும் விடுதலை என்று நான் சொல்லவரவில்லை. சாஸ்திரியாரும் தன் தேவைக்கேற்ப வேதத்தை வாசித்தவர்தான். பூமாலைக்கும் பாட்டுக்கும் சாதிக்கும் அவரால் ஒரே மூச்சில் வாதாட முடிந்தது. மாற்றியது யார், மாற்றியதால் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்கு இடம் போயிற்று என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

5

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். ஆயாவும் போனாள். வேலைக்கு வரத் தூரம், வயதும் ஆகிவிட்டது. மாலையில் ஆறேழு பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபம் வைப்பார்கள். வேறு வேறு சபை, வேறு வேறு கரையோரத்திலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டவர்கள். புத்தகம் இல்லாததால் ஆயா சொல்லச் சொல்லத்தான் பாட்டு.

2019இல் ஆயா இறந்தாள். அடக்கத்துக்கு வந்த ஐயர் அச்சடித்த தாளைக் கொடுத்தார். அவளுக்குப் பிடித்த அந்தக் கீர்த்தனைதான். அந்த இடம் வந்தது. ஐயரும் தாள் வைத்திருந்தவர்களும் 'பாவி' என்று பாடினார்கள். மாடிப்படிப் பெண்கள் 'ஏழை' என்று பாடினார்கள். இரண்டு சொல்லும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஐயர் ஒரு கணம் தலை தூக்கிப் பார்த்தார். பெண்கள் நிறுத்தவில்லை, அப்படித்தான் அந்தப் பாட்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

என் கையிலும் தாள் இருந்தது. எம்.ஏ. படித்தவன், சரியான பாடம் எது என்று தெரிந்தவன். பல்லவி திரும்ப வந்தபோது நானும் 'ஏழை' என்றே பாடினேன். விசுவாசம் எனக்கு இருக்கிறதா என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. அந்தச் சொல்லைப் பாடும்போது பொய் சொல்கிறேன் என்று மட்டும் தோன்றவில்லை.

அண்மை ஆண்டுகளில் புத்தகக் கண்காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. போன முறை அங்கே ஒரு கீர்த்தனைப் புத்தகம் வாங்கினேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, 'பாவி'க்குப் பக்கத்தில் பென்சிலால் 'ஏழை' என்று எழுதி, பதிப்பாசிரியர்கள் செய்வதுபோல் கீழே குறித்தேன்: ஆயா பாடம்.

வெளியே வந்தால் மெட்ரோ நிலையத்தில் பெரிய எழுத்தில் நந்தனம். நந்தன் ஊரு.